விரிசலை மறிக்கும் உளி

விறகு பிளப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? கோடரி கட்டையில் இறங்கும் முதல் நொடியில்தான் அதன் கூர்முனைக்கு வேலை. அதன்பின் கோடரியின் இரண்டு கன்னங்களும் மரத்தை அகட்ட, விரிசல் கூர்முனைக்கு ஒரு சாண் முன்னால் தானாக ஓடுகிறது. நேராக வளர்ந்த சவுக்குக் கட்டையை மழுங்கிய கோடரியாலும் பிளக்க முடிவது இதனால்தான். மரம் என்பது நார்களின் கட்டு. நாரைக் குறுக்கே அறுப்பதுதான் பாடு. ஒரு நாரை இன்னொன்றிலிருந்து பிரிப்பது சுலபம்.

விறகுக்கு உதவுகிற இந்த விரிசல், பலகையை இழைப்பவருக்குப் பகை.

சில ஆண்டுகளுக்கு முன் புத்தக அலமாரி செய்யலாம் என்று ஒரு வேப்பம்பலகை வாங்கினேன். கையில் புத்தம்புதிய இரும்பு இழைப்புளி. முதல் ஒரு அடிக்குப் பட்டு நாடா மாதிரி சுருள் வந்தது. பிறகு 'சரக்' என்று ஒரு சத்தம். பலகையில் கோழி கொத்தின மாதிரி வரிசையாகக் குழிகள். பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினேன். குழிகள் இடம் மாறினவே தவிர, குறையவில்லை. பக்கத்து வீட்டில் கதவு மாட்ட வந்திருந்த ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேம்புக்கு ஓட்டம் ரெண்டு பக்கமும் இருக்கும், தம்பி. எப்பிடித் திருப்பினாலும் ஒரு வரி பிய்க்கத்தான் செய்யும்."

அவர் ஓட்டம் என்றது நார் போகும் திசையை. வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் நார்கள் தண்டைச் சுற்றித் திருகிக்கொண்டு வளர்கின்றன. சில ஆண்டுகள் வலப்பக்கம் சாய்ந்து வளர்ந்தவை, அடுத்த சில ஆண்டுகள் இடப்பக்கம் சாய்கின்றன. அப்படிப்பட்ட மரத்தைப் பலகையாக அறுத்தால், அடுத்தடுத்த வரிகளில் நார் எதிரெதிர்த் திசையில் தலைகாட்டும். ஒரு வரியில் நார் மேல்நோக்கி வெளியேறுகிறது. அங்கே விரிசல் ஓடினாலும் காற்றுவெளிக்குத்தான் போகும், கெடுதல் இல்லை. அடுத்த வரியில் நார் பலகைக்குள் இறங்குகிறது. அங்கே உளி தூக்கிய சீவல் நெம்புகோலாக மாறி, விரிசலை வெட்டுக்கோட்டுக்குக் கீழே இழுத்துப்போய், வளைவு தாங்காத இடத்தில் ஒடிகிறது. ஒடிந்த இடம் குழி.

தமிழில் இந்தக் கருவியின் பெயரிலேயே உளி இருக்கிறது. இழைப்பு உளி. சீவுளி என்றும் சொல்வார்கள். கட்டைக்குள் சாய்வாகக் குடியேறிய உளிதான் அது. வெறும் உளியைக் கையில் பிடித்துப் பலகையைச் சீவினால் அது நாரின் போக்கில் உள்ளே இறங்கிவிடும், அல்லது வழுக்கி வெளியே வந்துவிடும். கட்டை இரண்டையும் தடுக்கிறது: அலகு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கட்டையின் அடிப்பரப்பு முடிவு செய்கிறது. அந்தக் கட்டை எப்படியெல்லாம் மாறியது என்பதுதான் இழைப்புளியின் வரலாறு. அந்த மாற்றங்களில் பாதிக்கு மேல், அலகுக்கு முன்னால் ஓடும் விரிசலை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்.

முதல் பதில், வாய். அலகு வெளியே தலைநீட்டும் பிளவைத் தச்சர்கள் வாய் என்கிறார்கள். வாய் குறுகலாக இருந்தால், அலகுக்கு முன்னால் உள்ள அடிப்பரப்பு மரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சீவல் எம்பி விரிசலை நீட்ட இடமிருக்காது. ஆனால் சீவல் சற்றுத் தடித்தாலும் வாய் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது பதில், சாய்வு. அலகை 45 பாகையில் வைத்தால் தள்ள இலேசு. 50, 55, 60 என்று நிமிர்த்திக்கொண்டே போனால் சீவல் சட்டென மடிந்து, நெம்புவதற்கு முன்பே உருக்குலையும், குழி விழாது. ஆனால் தோள்பட்டை கழன்றுவிடும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தச்சர்கள் பைன் போன்ற மென்மரத்துக்கு 45 பாகையும், மகாகனி போன்ற கடினமரத்துக்கு அதைவிட நிமிர்ந்த சாய்வும் வைத்துக்கொண்டார்கள்.

இதை ஆய்வுக்கூடத்தில் முறையாக வகுத்துக் காட்டியவர் நார்மன் ஃபிரான்ஸ். 1958இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் அவர் சீவலை மூன்று வகையாகப் பிரித்தார். அலகு படுத்திருந்தால் முதல் வகை: விரிசல் முன்னே ஓடி, சீவல் துண்டு துண்டாக ஒடியும். நடுத்தரச் சாய்வில் இரண்டாவது வகை: மரம் கூர்முனையிலேயே தொடர்ந்து அறுபட்டு, ஒழுங்கான சுருளாக வரும். அலகு அளவுக்கு மேல் நிமிர்ந்தாலோ மழுங்கினாலோ மூன்றாவது வகை: நார்கள் நசுங்கி, பரப்பு பிசிராகும். இதே ஃபிரான்ஸ்தான் உயரழுத்த நீர்த்தாரையால் பொருள்களை அறுக்கும் முறைக்கும் முன்னோடிகளில் ஒருவர். உளியே இல்லாமல் மரத்தை அறுக்க முடியுமா என்று யோசித்தவர், உளி எப்படி அறுக்கிறது என்பதை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்.

இழைப்புளி எப்போது தோன்றியது? கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய போம்பேயில் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. இங்கிலாந்தின் சில்செஸ்டரிலும் ரோமானியக் காலத்து இழைப்புளி ஒன்று கிடைத்தது. அடியில் இரும்புத் தகடு, மேலே மரக்கட்டை, அலகை இறுக்க ஆப்பு. இன்று ஒரு தச்சரிடம் கொடுத்தால் யோசிக்காமல் வேலையைத் தொடங்கிவிடுவார். 2000ஆம் ஆண்டு யார்க்ஷயரின் குட்மன்ஹாமில் கண்டெடுக்கப்பட்ட ரோமானிய இழைப்புளிக்குக் கட்டையே தந்தம். ரோமுக்குப் பிறகு இரும்பு அடி மெல்ல மறைந்து, பல நூற்றாண்டுகள் முழுமரக் கட்டையே ஆட்சி செய்தது. 1545இல் மூழ்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பல் மேரி ரோஸின் தச்சர் பெட்டியிலிருந்தும் மர இழைப்புளிகள் வந்தன. 1514இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் செதுக்கிய புகழ்பெற்ற 'மெலன்கோலியா' ஓவியத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறகுள்ள பெண்ணின் காலடியிலும் ஓர் இழைப்புளி கிடக்கிறது.

அதுவரை பெரும்பாலும் தச்சரே தன் இழைப்புளியைச் செய்துகொண்டார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் இழைப்புளி செய்வதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் தோன்றினார்கள். தாமஸ் கிரான்ஃபோர்ட் அவர்களில் ஒருவர். இந்தத் தொழில் அட்லாண்டிக்கைத் தாண்டி மசாசூசெட்ஸின் ரென்தம் என்ற சிற்றூருக்கும் போனது. அங்கே ஃபிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் தம் இழைப்புளிகளின் முன்முகத்தில் தம் பெயரையும் ஊரையும் முத்திரையாகக் குத்தினார். அவருடைய பட்டறையில் அடிமையாக இருந்தவர் சீசர் செலர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது, அவருடைய உயில் செலருக்கு விடுதலையோடு பட்டறை மேசை, கருவிகள், மரம், நிலம் ஆகியவற்றையும் தந்தது. செலர் அதே ஊரில் தங்கி, 1784இல் இறக்கும்வரை இழைப்புளி செய்தார். அமெரிக்காவில் பெயர் தெரிந்த முதல் கறுப்பின இழைப்புளிக் கைவினைஞர் அவர்தான். அவர் வைத்துக்கொண்ட முத்திரையின் பொருள், 'சீ. செலர், ரென்தமில் வசிப்பவர்'. பழைய எஜமானரும் 'ரென்தமில் வசிப்பவர்' என்றுதான் குத்தினார். அதே சொற்களின் முன்னால் ஒரு விடுதலை பெற்றவரின் பெயர் ஏறியபோது அவற்றின் கனம் வேறாகிவிட்டது. மஞ்சள் பிர்ச் மரத்தில் செய்த அவருடைய இழைப்புளிகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

செலர் செய்தவற்றில் பல, அலங்கார விளிம்புகளுக்கானவை. சுவர் ஓரப் பட்டை, கதவு நிலை, அலமாரி முகப்பு ஆகியவற்றில் வரும் குழிவுகளையும் குமிழ்களையும் அந்தக் காலத்தில் இழைப்புளிதான் செதுக்கியது. குழிவுக்கு ஒன்று, குவிவுக்கு ஒன்று என்று ஜோடியாக, அளவுக்கு அளவு வேறாக 18 ஜோடி. முழுத் தொகுப்பு என்றால் 36 இழைப்புளிகள்! பணமில்லாதவர்களுக்குப் பாதித் தொகுப்பும் விற்றார்கள். பள்ளம் எடுக்க ஒன்று, படிவிளிம்பு வெட்ட ஒன்று, வளைந்த பரப்புக்கு ஒன்று எனத் தனித்தனிக் கருவிகள். ஒரு நல்ல தச்சரின் பெட்டி அன்று ஒரு சிறு நூலகம்.

விரிசலை நிறுத்தும் மூன்றாவது பதில் வந்தது இந்தக் காலத்தில்தான். 1767இல் ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் கருதர்ஸ் என்ற இழைப்புளிக்காரர் 'இரட்டை இரும்பு' இழைப்புளி விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அலகின் முதுகில் இன்னொரு தகட்டைத் திருகி, அதன் நுனியைக் கூர்விளிம்புக்கு மிக அருகே கொண்டுவந்து வைப்பதுதான் உத்தி. உளி தூக்கிய சீவல் உடனே இந்த மேல்தகட்டில் முட்டி மடங்குகிறது. நெம்ப நேரமில்லை, விரிசலும் முன்னே ஓடாது. வாயை அடைக்காமலும், அலகை நிமிர்த்தித் தோளை வருத்தாமலும் எதிர் ஓட்டத்தை இழைத்துவிடலாம். 1812இல் பீட்டர் நிக்கல்சன் தம் கைத்தொழில் நூலில் இதை விளக்கி, ஓட்டம் முரண்டு பிடிக்கும் மரத்துக்கு மேல்தகட்டை விளிம்பை ஒட்டி வைக்கச் சொன்னார்.

அடுத்து நீளம். எவ்வளவு நீளக் கட்டை வேண்டும் என்பது அவரவர் விருப்பம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது வடிவகணிதம். 3 மீட்டர் பலகை ஒன்று நடுவில் 3 மில்லிமீட்டர் சீராகக் குழிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 9 அங்குல இழைப்புளியைக் குழிவின் நடுவில் வைத்தால், அதன் இரு முனைகளும் பலகையில் பதிய, அலகு இருக்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 15 மைக்ரான் மட்டுமே. இது ஒரு தலைமயிரில் நாலில் ஒரு பங்கு. அலகு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தாலே சீவல் வந்துவிடும்; குழிவும் அப்படியே ஆழமாகிக்கொண்டு போகும். பலகை பளபளக்கும், நேராகாது. 24 அங்குல இழைப்புளிக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய 110 மைக்ரான். மெல்லிய சீவலுக்கு வைத்த அலகு நடுவில் மரத்தைத் தொடவே தொடாது. மேடுகளை மட்டும் சீவிச் சீவி, கடைசியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறாத சுருள் வரும்போது பலகை நேராகியிருக்கும். பார்த்து அளக்க வேண்டியதே இல்லை, கருவியே மட்டப்பலகை.

ஆகவே வேலை மூன்று படியாகப் பிரிந்தது. விளிம்பு வளைத்துத் தீட்டிய அலகோடு 14 அங்குலக் கட்டையால் முரட்டுச் சீவல். 22, 24 அங்குல நீளக் கட்டையால் நேராக்கல். 8, 9 அங்குலக் குட்டைக் கட்டையால் கடைசி மெருகு. குட்டைக்காரருக்கு நேர் என்பதைப் பற்றிய கவலை கிடையாது. ஏற்கெனவே நேரான பரப்பில் மேலும் ஒரு முடியளவு சீவி, பளபளப்பைக் கொண்டுவருவது மட்டும் அவர் பொறுப்பு.

ஜப்பான் தனி வழி போனது. ஈட்டி போன்ற நீண்ட சீவுளியால் மரத்தைச் சீவிய அங்கே, கட்டை இழைப்புளி பரவியது 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான். அதைத் தள்ளுவதில்லை, தன்னை நோக்கி இழுக்கிறார்கள். ஓக் கட்டை, மெல்லிரும்போடு கடின எஃகைக் காய்ச்சி ஒட்டிய தடித்த அலகு, சரிசெய்ய ஒரு சுத்தியல். அவ்வளவே. தேவதாரு, ஹினோகி போன்ற மென்மரங்கள் என்பதால் அலகு 40 பாகையை ஒட்டியே படுத்திருக்கும். அங்கே நடக்கும் இழைப்புப் போட்டிகளில் 10 மைக்ரானுக்கும் கீழே சீவல் எடுக்கிறார்கள். அந்தச் சீவலைக் கண்ணுக்கு முன் பிடித்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியும்.

மேலை நாட்டில் அடுத்த பெரிய திருப்பம் இரும்பு. 1827இல் கனெக்டிகட்டின் ஹசார்ட் நோல்ஸ் வார்ப்பிரும்புக் கட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஸ்டூவர்ட் ஸ்பியர்ஸ், பிறகு லண்டனில் தாமஸ் நோரிஸ் போன்றோர் இரும்புக் கூட்டுக்குள் ஈட்டி இனக் கடினமரத்தை அடைத்து, கனமான, விலையுயர்ந்த, அழகான கருவிகளைச் செய்தார்கள். ஆனால் உலகத்தின் எல்லாப் பட்டறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது லியோனார்ட் பெய்லியின் கருவிதான்.

மர இழைப்புளியில் அலகை நகர்த்துவது சுத்தியல் வித்தை. அலகின் தலையில் ஒரு தட்டு தட்டினால் ஆழம் கூடும், கட்டையில் தட்டினால் குறையும், ஓரத்தில் தட்டினால் கோணல் திருந்தும், பிறகு ஆப்பை இறுக்க வேண்டும். இறுக்கும்போது மறுபடி நகர்ந்துவிடும்! பழகினவருக்கு ஐந்து நொடி. பழகாதவருக்கு அரை நாள். பாஸ்டன் பக்கத்தில் கருவி செய்துகொண்டிருந்த பெய்லி, 1850களிலிருந்து இந்த ஒரே பிரச்சினையை விடாமல் பிடித்துக்கொண்டார். 1867இல் கிடைத்த காப்புரிமையில் விடை தெளிவாகிவிட்டது: அலகுக்குப் பின்னால் ஒரு பித்தளைச் சக்கரம், அதைத் திருகினால் அசையும் கவட்டை நெம்புகோல், அது அலகை மேலும் கீழும் நகர்த்தும். ஆப்பின் இடத்தில் ஒரு விரலால் மடக்கி இறுக்கும் மூடி. அலகு சாய்ந்து உட்காரும் இரும்புத் துண்டுக்கு ஆங்கிலத் தச்சர்கள் வைத்த பெயர் தவளை. பார்த்தால் அப்படித்தான் குந்தியிருக்கும்.

1869இல் கனெக்டிகட்டின் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் நிறுவனம் பெய்லியின் காப்புரிமைகளை வாங்கியது. பெய்லியும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் மனக்கசப்பு. அங்கிருந்த இன்னொரு கண்டுபிடிப்பாளர் ஜஸ்டஸ் டிராட் வடிவமைத்த கையடக்க இழைப்புளி தன் காப்புரிமையை மீறுகிறது என்பது பெய்லியின் வாதம். வெளியேறி, 'விக்டர்' என்ற பெயரில் போட்டிக் கருவிகள் செய்தார். 1884இல் விக்டரும் ஸ்டான்லியிடமே போய்ச் சேர்ந்தது. 1900களின் தொடக்கத்தில் ஸ்டான்லி தன் இழைப்புளிகளின் வார்ப்பிலேயே 'பெய்லி' என்ற பெயரைப் பொறிக்கத் தொடங்கியது. பெய்லி 1905இல் இறந்தார். அவர் பெயர் அவருடன் சண்டை போட்ட நிறுவனத்தின் இரும்பில் இன்றுவரை இருக்கிறது.

பெய்லி வரிசைக்கு எண்கள்தான் பெயர். 5½ அங்குல 1ஆம் எண்ணிலிருந்து 24 அங்குல 8ஆம் எண்வரை. 9 அங்குல 4ஆம் எண்தான் உலகம் முழுக்கப் பரவியது. 1930களில் ஷெஃபீல்டின் ரெக்கார்டும் இதே வடிவத்தைச் செய்தது. நம் ஜலந்தர் பட்டறைகள் வார்த்து அனுப்புவதும் இதையே. 1ஆம் எண் பொம்மைபோல் சிறியது, பெரிய பயனில்லை. அதனாலேயே குறைவாக விற்று, இப்போது சேகரிப்பாளர்கள் அதற்குக் கொட்டிக்கொடுக்கிறார்கள்.

இந்த வெற்றியில் ஒரு விநோதம் உண்டு. கை இழைப்புளி இவ்வளவு நேர்த்தியானபோது அதன் வேலை பறிபோய்க்கொண்டிருந்தது. 1828இல் வில்லியம் உட்வொர்த் காப்புரிமை பெற்ற இழைப்பு இயந்திரம், மரவாடியிலேயே பலகையைச் சமமாக்கிக் கொடுத்தது. அலங்கார விளிம்புகளையும் இயந்திரங்கள் பிடுங்கிக்கொண்டன. அப்போதுதான், 1897இல், 50க்கும் மேற்பட்ட அலகுகளோடு ஸ்டான்லியின் 55ஆம் எண் இழைப்புளி வந்தது. மர இழைப்புளிகள் பலவற்றின் வேலையை ஒரே கருவி செய்யும் என்றார்கள். திருகாணிகளைச் சரிசெய்து முடிப்பதற்குள் பழைய தச்சர் நாலு விளிம்பு இழைத்து வீடு போயிருப்பார் என்பது என் கணிப்பு.

இயந்திரத்தால் செய்ய முடியாத ஒன்று மிஞ்சியது. சுழலும் உருளையில் பொருத்திய கத்திகள் மரத்தை வட்டவட்டமாகச் சுரண்டுவதால் பரப்பில் சிற்றலைகள் விழும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். அதைத் தவிர்க்க ஜப்பானியர்கள், அசையாத அலகின் மேல் மரத்தை வேகமாக ஓட்டும் பெரிய இயந்திரங்களைக் கட்டினார்கள். அது சாராம்சத்தில் மல்லாத்திப்போட்ட இழைப்புளிதான். அதற்கும் அதே பழைய வியாதி: எதிர் ஓட்டத்தில் குழி.

அதை ஆராய்ந்த யமகட்டா பல்கலைக்கழகத்தின் கட்டோ, கவாய் ஆகியோர் கூர்விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து மிகவும் பெரிதாக்கிப் படமெடுத்தார்கள். அந்தக் காணொளி 2010களின் தொடக்கத்தில் ஆங்கிலம் பேசும் தச்சர்களிடையே பரவியபோது சிறு பூகம்பம். ஏனெனில் அதற்குள் அவர்களில் பலர், மேல்தகடு அலகு அதிராமல் பிடித்துக்கொள்ளத்தான் இருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள்; குழி விழாமலிருக்க நிமிர்ந்த சாய்வையும் தடித்த அலகையும் தேடி நிறையச் செலவழித்துமிருந்தார்கள். 1767இல் விளம்பரம் செய்து விற்ற விஷயம் மறந்தே போயிருந்தது.

படத்தில் நிறமில்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. மேல்தகடு தள்ளி இருக்கும்போது சீவல் எழும்புகிறது, அதன் அடியில் ஒரு கறுப்புக்கோடு அலகுக்கு முன்னே பாய்ந்து மரத்துக்குள் இறங்குகிறது, சீவல் ஒடிகிறது. அடுத்த முறை மேல்தகட்டின் முகத்தைச் செங்குத்தாகத் தீட்டி, விளிம்பிலிருந்து 0.1 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருகிறார்கள். சீவல் எழுகிறது, தகட்டில் முட்டுகிறது, வளையாமல் நிமிர்ந்து போகிறது. கறுப்புக்கோடு தலைகாட்டவே இல்லை.

படம் முடிந்ததும் என் இழைப்புளியின் மூடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேல்தகடு, கடையில் வாங்கியபோது இருந்த இடத்திலேயே, விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. திருப்புளியைத் தேடி எடுத்தேன். வேப்பம்பலகை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்திருக்கிறது.